நீ கேட்டது, நான் சொன்னது

வியாழக்கிழமை காலை ஆய்வகத்தில் இருந்தபோது இசைக்குழு நடத்தும் பாய் போனில் கூப்பிட்டார். வேலை நேரத்தில் அவர் கூப்பிடுகிறவர் இல்லை. தோலின் சாயம் நிற்கிறதா என்று பார்க்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஈரமான கம்பளித் துண்டு ஒன்று தோலின்மேல் ஐம்பது முறை போய்வர வேண்டும். அதன்பிறகு துண்டில் எவ்வளவு நிறம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். இயந்திரத்தை நிறுத்தாமலே வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தேன்.

"யம்மா, நம்ம காமெடிக்காரர் போய்ட்டார். நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிடுச்சாம்."

கொஞ்சம் பொறுத்து மற்றதையும் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமையை விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நினைவேந்தல். ஆம்பூரில் மண்டபம் பேசியாகிவிட்டது. அவருக்கென்று புதிதாக ஒரு பாட்டு வேண்டும், அதை நான்தான் எழுத வேண்டும். சரி பாய் என்றேன். உள்ளே வந்து பார்த்தால் இயந்திரம் எண்பதைத் தாண்டிப் போயிருந்தது. அந்தத் துண்டு இனி எதற்கும் உதவாது. புதுத் துண்டை நனைத்து முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

நான் தோல் தொழில்நுட்பம் படித்தவள். ஷூ கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. விடுமுறை நாட்களில் பாயின் இசைக்குழுவில் கீபோர்டு வாசிப்பேன், பாட்டும் எழுதுவேன். திருவிழா, கல்யாணம், கம்பெனி ஆண்டு விழா என்று எழுதியிருக்கிறேன். இறந்தவருக்காக எழுதியதில்லை.

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் பட்டியல் போடுவேன். அன்று மதியம் பழைய அறிக்கைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அவரைப் பற்றித் தெரிந்ததை எழுதினேன். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் இருபது வருடத்துக்கு மேல் மேடையை நிரப்பியவர். பஸ் கண்டக்டர், ஒலிபெருக்கியில் மருந்து விற்பவர், உருதும் தமிழும் கலந்து திட்டும் மேஸ்திரி, இந்த மூன்று பேரையும் ஒரே மூச்சில் பேசுவார். மேடை ஏறும்முன் சாப்பிட மாட்டார். பயந்துகொண்டு நிற்கும் புதுப் பாடகிக்கு முதல் கைதட்டலை அவரே தொடங்கி வைப்பார். குடிக்க மாட்டார், ஆனால் குடித்தவராக நடித்தால் நம்பாதவர் கிடையாது. இப்படிப் பதின்மூன்று வந்தன. பதினான்காவதை எழுதவில்லை. எழுதாமலே அது எனக்குத் தெரியும். கடைசி மூன்று வருடம் அவர் கெட்ட பெயரோடு வாழ்ந்தது என்னால்.

மேடைக் காமெடிக்காரர்களுக்கு ஒரு வேலைமுறை இருக்கிறது. எந்த இடத்தில் நிகழ்ச்சியோ அந்த இடத்தைச் சேர்ந்த ஒருவரை நாலைந்து நாள் முன்னாலேயே பிடித்து 'பாயிண்ட்' வாங்குவார்கள். யார் எப்படிப் பேசுவார், எதற்குக் கோபப்படுவார், எது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் என்பதெல்லாம் பாயிண்ட். மேடையில் அதைச் சொன்னதும், இந்த ஆளுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கூட்டம் குலுங்கும். பாயிண்ட் கொடுத்தவர் யாரென்று யாரிடமும் சொல்லக் கூடாது. அதை மட்டும் அவர்கள் எந்தக் காரணத்துக்காகவும் மீறுவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு அவரை அழைத்திருந்தார்கள். அப்போது நான் பயிற்சியில் இருந்தேன். தையல் பிரிவின் மூன்றாவது லைனில் ஷூவின் மேற்பகுதிகளைப் பார்த்து, தையல் பிசகியதைத் தனியே எடுத்துப் போடுவேன். அவருடைய மனைவியும் அதே லைனில்தான் தைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி விஷயத்தை வீட்டில் பேச மாட்டேன் என்று அவர் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் காமெடிக்காரர் டீ நேரத்தில் வாசல்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். "யம்மா, நீ எல்லாத்தையும் நோட்டுல எழுதுற பொண்ணாமே. ஒரு நாலு பாயிண்ட்டு குடேன்."

நாலு கேட்டவருக்குப் பன்னிரண்டு எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் எதற்கெடுத்தாலும் 'ஜாஸ்தி, கம்மி' என்று இரண்டே சொல்லில் பேசுவது முதலாவது. கேண்டீன் சாம்பார் ஐந்தாவது.

ஆறாவது, எங்கள் லைனில் இருந்த ஓர் அக்கா. அவர் கணவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போயிருந்தார். சாப்பாட்டு வேளையில் அக்கா சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று, பட்டன் போனைக் காதில் வைத்துக் கணவரோடு பேசுவார். பருப்பு விலை, பையனின் இருமல், மழை வந்தது, எல்லாம் பேசுவார். ஒரு நாள் அந்தப் போன் கை தவறிக் கீழே விழுந்து பின்மூடி கழன்றது. உள்ளே பேட்டரி இல்லை. பக்கத்தில் நின்ற காமெடிக்காரரின் மனைவி அதை எடுத்து, மூடியைப் பொருத்தி, ஒரு வார்த்தையும் கேட்காமல் அக்காவின் கையில் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே மெஷினில் வேலை கற்றுக்கொண்டவர்கள், ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். கொஞ்சம் தள்ளிக் கை கழுவிக்கொண்டிருந்த நானும் பார்த்தேன். என்னை அவர்கள் கவனிக்கவில்லை.

அது சிரிப்பு என்று நினைத்து நான் எழுதவில்லை. கவனித்ததையெல்லாம் எழுதுகிற பழக்கத்தில் எழுதினேன். மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் பதில் இது. இதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. பட்டியலை வாசித்துவந்தவர் ஆறாவதில் நின்று, "இதான்மா பாயிண்ட்டு" என்றார். அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மேடையில் அவர் பெயர் சொல்லவில்லை. மூன்றாவது லைன் என்று மட்டும் சொன்னார். ஷூ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, "ஏங்க, கேக்குதா?" என்றார். பேட்டரி இல்லை என்பது தெரிந்ததும் கூடம் அதிர்ந்தது. பத்து நிமிடம் அதையே இழுத்தார். அக்கா நடுவில் எழுந்து போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருந்தார். யாரோ எடுத்த வீடியோ அன்றே எல்லார் போனிலும் வந்தது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பையன்கள் செருப்பைக் கழற்றிக் காதில் வைத்தார்கள். ஒரு வாரத்தில் அக்கா வேலையை விட்டார்.

அதன்பிறகு ஊர் இரண்டாகப் பேசியது. பெண்ணின் கஷ்டத்தை விற்றுப் பிழைக்கிறான் என்று ஒரு பக்கம். காமெடியைக் காமெடியாகப் பார்க்கத் தெரியாதா என்று இன்னொரு பக்கம். தொழிலாளிகள் மனு கொடுத்தார்கள். கம்பெனிகள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. யார் சொன்னது என்று விசாரித்தபோது, "என் கண்ணு பாத்துச்சு, என் வாய் பேசுச்சு" என்று முடித்துக்கொண்டாராம். யாரும் நம்பவில்லை. பேட்டரி இல்லாதது அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும் என்பது அக்காவின் கணக்கு. தெருவில் நின்று அந்தச் சிநேகிதியைத் திட்டினார். காமெடிக்காரரின் மனைவியும் தையல் பிரிவை விட்டுப் பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டு போனார். எனக்குப் பயிற்சி முடிந்து வேலை உறுதியானது.

பாட்டு எழுத உட்கார்ந்தபோது இது முழுவதும் கூடவே உட்கார்ந்தது. அவரைப் புகழ்ந்தால் அக்காவுக்குச் செய்ததை மூடுகிறேன். அவரைக் குறை சொன்னால் என்னை மூடுகிறேன். இரவில் தூக்கம் வரவில்லை. ஆய்வகத்தில் ஒரே அறிக்கையை மூன்று முறை சரிபார்த்தேன்.

சனிக்கிழமை மாலை பாயின் மைக்செட் கடையில் மெட்டுக்கு உட்கார்ந்தோம். ஸ்பீக்கர் பெட்டிமேல் தாளம் தட்டிக்கொண்டே பாய், பல்லவிக்கு ஒரு வார்த்தை இருக்கிறது என்றார்.

"எங்க ஆளுங்க ஹஜ்ஜுக்குக் கெளம்புறப்பவும், சாவு வீட்லயும் சொல்லுவாங்க. கஹா சுனா மாஃப். சொன்னது கேட்டது எல்லாத்துக்கும் மாப்பு, மன்னிப்புன்னு அர்த்தம். அவர் சொன்னார். நாம கேட்டோம், சிரிச்சோம். அப்பறம் நானே ரெண்டு வருஷமா அவரக் கூப்புடல. எல்லாத்துக்கும் சேத்து ஒரே வார்த்தைல போய்டும்."

அங்கேயே தமிழில் ஒரு வரி வந்துவிட்டது. 'நீ சொன்னது, நாங்க கேட்டது, மாப்பு.' பாய் இரண்டு முறை பாடிப் பார்த்தார். மெட்டில் பிசிறில்லாமல் உட்கார்ந்தது. நான் தாளில் எழுதினேன். எழுதி முடித்ததும் 'கேட்டது' என்ற சொல்லிலேயே என் பேனா நின்றுவிட்டது.

உருதில் அது காதால் கேட்டது மட்டும்தான். தமிழில் வாயால் கேட்டதும் அதே சொல். அவர் கேட்டார், நான் சொன்னேன். வரியைத் திருப்பிப் போட்டால் நடந்தது அப்படியே வருகிறது. மெட்டும் இடறவில்லை. பாயிடம் ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு அக்காவைப் பற்றியும் ஒரு சரணம் எழுதினேன். பேசாத போனையும், காதில் வைத்த ஷூவையும், எழுதிக் கொடுத்த கையையும் வைத்து எட்டு வரி. நான் எழுதியதிலேயே நல்ல சரணம் அது. அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. அடுத்த நாள் அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

பேரணாம்பட்டுச் சாலையில் ஊருக்குள் திரும்பி நாலாவது வீடு. கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து போடும் ஷூ மேற்பகுதிகளை அக்கா கையால் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு, "நோட்டும் கையுமா வருமே, அந்த ட்ரெய்னி பொண்ணா" என்றார். உட்காரச் சொன்னார். பாயிண்ட் எழுதிக் கொடுத்தது நான்தான் என்று நின்றுகொண்டே சொன்னேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த நாலு வாக்கியம்தான். ஊசி நிற்கவில்லை.

"எத்தினியாவது பாயிண்ட்டு?"

"ஆறாவதுக்கா."

"மொத்தம்?"

"பன்னெண்டு."

"எனக்கு முந்தி இன்னா இருந்துச்சு?"

"கேண்டீன் சாம்பார்."

"சாம்பாருக்கு அப்பறம் நானு" என்றார். நூலை அறுத்துவிட்டு அடுத்த மேற்பகுதியை எடுத்தார். "அவதான் சொல்லிட்டான்னு நடுத்தெருவுல நின்னு பேசுனேன். வாயே தொறக்கல. தப்பு பண்ணவதான் வாய் தொறக்கமாட்டான்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போயிருந்தேன். கேட்க இடமே வரவில்லை. அதற்குப் பதிலாகச் சரணம் எழுதிய தாளை நீட்டினேன். முதல் தடவையாக ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"இதுல போன் வருது."

"உங்க பேரு எங்கயும் இல்லக்கா."

"அப்பவும் பேரு இல்ல."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "இத எடுத்துடு. என்ன வச்சு இன்னொரு தடவ கை தட்டக் கூடாது. அவருக்குப் பாடுறியா, பாடு. நான் வாணாங்கல." கிளம்பும்போது கூப்பிட்டு, "அவகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டேன். எனக்கு மூஞ்சி இல்ல" என்றார்.

நினைவேந்தலுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. திங்கட்கிழமை காமெடிக்காரர் வீட்டுக்குப் போனேன், கூட்டமாக இருந்தது. புதன்கிழமை போனேன், அவர் மனைவி படுத்திருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போனபோது வாசலில் தனியாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பி வேறு வழியாக வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு மண்டபம் முக்கால் பாகம் நிறைந்திருந்தது. மேடையில் அவர் படத்துக்கு ரோஜா மாலை. மனைவி முதல் வரிசையில் இருந்தார். பேசியவர்களில் ஒருவர், "சில சர்ச்சைகள் இருந்தாலும்" என்று தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு அவருடைய கண்டக்டர் குரலுக்குப் போய்விட்டார். அந்த இடைவெளியில் பின்வரிசையில் யாரோ மெல்லிய குரலில், "ஏங்க, கேக்குதா" என்றார்கள். சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதல் வரிசையில் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது.

பல்லவியை முதலில் பாய் பாடுவது, முதல் இரண்டு சரணங்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நான் தனியாகப் பாடுவது, கடைசியில் மறுபடி அவர் பாடி முடிப்பது என்று ஏற்பாடு. அக்காவின் சரணம் இருந்த இடத்தில், அதே நீளத்துக்கு வெறும் கீபோர்டு.

பாய் எடுத்தார். 'நீ சொன்னது, நாங்க கேட்டது, மாப்பு.' முதல் சரணம் நன்றாகவே போனது.

'சில்லற இல்லன்னு பஸ்ஸ நிறுத்தின குரலே,
சிரிப்புச் சத்தத்துல மூச்சு விட்ட குரலே.'

அது முடிந்ததும் என் முறை. பாடினேன்.

'நீ கேட்டது, நான் சொன்னது, மாப்பு.'

தபேலாக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கூட்டத்திலும் லேசான சிரிப்பு. புதுப் பாட்டு, பாவம், பெண் வரியை மாற்றிப் பாடிவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். பாய் உதட்டை அசைத்துச் சரியான வரியை எடுத்துக் கொடுத்தார். இரண்டாவது சரணம் முடிந்து மறுபடி என் முறை வந்தது. இப்போது சரியாகப் பாடிவிட்டால் முதலில் பாடியது பிழையாகப் போய்விடும். ஒருவரும் எதையும் கேட்க மாட்டார்கள். அது எவ்வளவு சுலபம் என்று அந்த நொடியில் தெரிந்தது. மறுபடியும் அதையே பாடினேன்.

இந்த முறை சிரிப்பு வரவில்லை. பாய் என்னையே பார்த்தார். முதல் வரிசையில் காமெடிக்காரரின் மனைவியும் தலையைத் தூக்கினார். அதன்பின் கீபோர்டு மட்டும் தனியாகப் போகும் பகுதி. இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன். கடைசிப் பல்லவி வந்ததும் பாய் பாடவில்லை. மைக்கை என் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது முறையும் நானே பாடி முடித்தேன்.

சாப்பாட்டுப் பந்திக்குக் கூட்டம் எழுந்தபோது, மேடை ஓரத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். காமெடிக்காரரின் மனைவி வந்து நின்றார்.

"கேட்டது யாரு, சொன்னது யாரு?"

"அவர் கேட்டார். நான் சொன்னேன்." இந்த முறை நாலு வாக்கியம் தயாராக இல்லை. போன் விழுந்த நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை அவர் வாசலில் வண்டியை நிறுத்தாமல் போனது வரைக்கும் முன்பின்னாகச் சொன்னேன். பாய் கொஞ்ச தூரத்தில் மைக் கம்பியைப் பிடித்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட சொல்லல" என்றார் அவர். "எத்தினி தடவ கேட்டேன். சாப்பாடு போட்டுட்டுக் கேட்டேன், போடாம கேட்டேன். யாரோ ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணு, வேல போய்டும்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. என் சிநேகிதி போனா பரவால்லயான்னு கேட்டேன். அதுக்குப் பதிலே இல்ல."

அவர் படத்தைப் பார்த்துப் பேசுகிறாரா, என்னைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"நீ மூணு வருஷமா இன்னா பண்ணிட்டிருந்த?"

"பயந்துட்டிருந்தேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"போன வாரம் போய்ச் சொன்னேன். உங்ககிட்ட என்னையே சொல்லச் சொன்னாங்க."

அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினார். "வண்டில வந்தியா?"

பந்தியில் முதல் இலை போட்டாகிவிட்டது, வீட்டுக்காரி இல்லாமல் எப்படி என்று உறவினர் ஒருவர் வந்து தடுத்தார். பாய் குறுக்கே நின்று, நான் பார்த்துக்கறேன் என்று உறவினரை அழைத்துப் போனார். நாங்கள் பின்வாசல் வழியாக இறங்கினோம்.

அக்கா வீடு வரை அவர் என் தோளைப் பிடிக்காமல் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டால் என்ன செய்வது, சண்டை வந்தால் யாரைப் பிடிப்பது, இவருக்கு மயக்கம் வந்தால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று என் மனம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே வந்தது. ஊருக்குள் திரும்பியதும், "நீ உள்ள வராத" என்றார்.

எதிரே இருந்த புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அவர் கதவைத் தட்டவில்லை. வாசலில் நின்று அக்காவின் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டார். கதவு திறந்தது. யார் திறந்தார்கள் என்று தெரியவில்லை, வெயிலில் உள்ளே இருட்டாக இருந்தது. அவர் உள்ளே போனார். பிறகு அக்காவின் குரல் உயர்ந்தது. இன்னொரு குரல் அதைவிட உயர்ந்தது. வார்த்தைகள் பிரிந்து கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். ஓடிப் போகலாமா, அங்கேயே இருக்கலாமா என்று இரண்டு முறை இறங்கி, இரண்டு முறை ஏறினேன்.

குரல்கள் தணிந்தன. பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அவர் வாசலுக்கு வந்தார். முகம் கழுவியிருந்தார். நான் வண்டியை எடுக்கப் போனேன்.

"நீ போ" என்றார். "நான் பஸ்ல வந்துக்கறேன்."